கட்டைவிரல் மேல் பழி வேண்டாம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது மூன்று, செத்துப்போன தங்கச்சி விட்டுப்போனது இரண்டு. ஐந்தும் படித்தன. நான்தான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் பெயரை எழுதுவேன், பஸ் போர்டு படிப்பேன். இரண்டு மூன்று எழுத்துச் சொல் என்றால் கூட்டிப் படித்துவிடுவேன், அதற்கு மேல் நீண்டால் விட்டுவிடுவேன். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தீபிகா எழுதுகிறாள்.

போன மாதம் சங்கீதா வீட்டுக்கு வந்தாள். ஆம்பூர் பைபாஸ் ஓரத்துப் பள்ளிக்கூடத்தில் நான் முன்பு லேப் ஆயாவாக வேலை பார்த்தேன், இப்போது அந்த இடத்தில் இருக்கிற பெண் அவள்.

"ஆயா, முட்டை போட்டிக்கு இந்த வருஷம் லைட் பாக்ஸ் வாங்கிட்டாங்க. முட்டைய உள்ள வெச்சா விரிசல் பளிச்சுனு தெரியுது. ஆண்டு மலருக்கு உங்ககிட்ட பழைய கதைய கேட்டு வாங்கினு வரச் சொன்னாங்க."

"இன்னா கதை?"

"அதான் ஆயா, விரலாலயே பாப்பீங்களாமே. அப்புறம் ஒரு வருஷம் விரல் ஏமாத்திடுச்சாமே."

டீ கொடுத்து அனுப்பினேன். என் விரல் யாரையும் ஏமாற்றியது கிடையாது. மலரில் எழுதப் போகிறார்கள் என்றால் சரியானதை எழுதட்டும்.

விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் ஷூ கம்பெனியிலிருந்து தொடங்க வேண்டும். நானும் கிரேஸும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே தெருக்காரிகள். கொஞ்ச காலம் பசை தடவினோம், நூல் கத்தரித்தோம், அதில் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு பேரையும் செக்கிங்கில் போட்டார்கள். தைத்து வருகிற ஷூவின் மேல்தோலில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. மாட்டை உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, தோலை உரித்தபோது கத்தி பட்ட இடம், எல்லாம் சாயத்துக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். டியூப் லைட் வெளிச்சத்தில் கண்ணை நம்பினால் கண் ஏமாற்றும். நான் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓட்டுவேன். தலைமுடி அளவு கோடு என்றாலும் விரல் அங்கே நிற்கும். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கிரேஸுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன்.

குறை இல்லாவிட்டால் 'பாஸ்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், இருந்தால் 'ரிஜெக்ட்'. நான் சொல்வேன், கிரேஸ் தாளில் எழுதுவாள். அவள் பத்தாவது படித்தவள். எழுத்து மணி மணியாக இருக்கும்.

லைனுக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும் என்று வந்தபோது மானேஜர் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார். "பச்சையம்மா விரல் நல்ல விரல். ஆனா ஷீட்டு யார் எழுதறது?"

கிரேஸுக்கு நீலக் கோட்டு கொடுத்தார்கள். கோட்டு போட்டவளை மேடம் என்று கூப்பிட வேண்டும், அது கம்பெனி வழக்கம். ஒரே தெருவில் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவளை, காலை எட்டரைக்கு மேல் மேடம் என்று கூப்பிட்டேன். பல வருடம் கூப்பிட்டேன். அவள் கோட்டுப் பையில் பேனா செருகி நடப்பதைப் பார்த்தால் எனக்கு வாய் கசக்கும். நான் ஐந்து பேரை வளர்த்தேன், அவள் ஒரே ஒரு பெண்ணை வளர்த்தாள். அந்த ஒன்று நர்சுக்குப் படித்து வேலூர் பாகாயத்தில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனது. அன்றைக்குத் தெரு முழுக்க லட்டு கொடுத்தார்கள். நான் வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். வாயில் வைக்கவில்லை.

ஒரு நாள் கால் வலி என்று சொல்லிக் கம்பெனியை விட்டேன். வலி இருந்தது உண்மை. ஆனால் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுப்பதாகக் கிரேஸ் சொன்னாள், அவள் தயவில் உட்கார எனக்கு இஷ்டம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் லேப் கூட்டித் துடைக்க, கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் கேட்டார்கள். போனேன். அங்கே பிசிக்ஸ் சார் சலீம் சார். உயரமான மனுஷர், சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் முதலில் "அப்படியா?" என்பார். பொய் சொல்கிற பையனிடமும் "அப்படியா?" தான், உண்மை சொல்கிறவனிடமும் "அப்படியா?" தான். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தத் துடைப்பு முடிவதற்குள் பொய் சொன்னவன் தானே உண்மையைச் சொல்லிவிடுவான்.

அவர்தான் முட்டை போட்டியைக் கொண்டுவந்தார். ஒரு பச்சை முட்டையை மாடியிலிருந்து கீழே போட வேண்டும், உடையக் கூடாது. உடையாதபடி அதற்கு ஒரு கூடோ பெட்டியோ பிள்ளைகளே செய்ய வேண்டும். முதல் நாள் அவர் வகுப்பில் சொன்னபோது ஒருவன் எழுந்து, "முட்டை போடறதுக்கு நாங்க இன்னா கோழியா சார்?" என்றான். சாரும் சிரித்தார். முட்டை போட்டி என்கிற பெயரே நின்றுவிட்டது.

முதல் வருடம் வீட்டிலிருந்து எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்று விட்டார். கம்பெனிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஷூவுக்குள் வைக்கிற ஸ்பாஞ்சு, ரப்பர் அட்டை எல்லாம் பை பையாகக் கொண்டுவந்தார்கள். ஏலகிரி அடிவாரத்திலிருந்து வருகிற ஒரு பெண் வைக்கோல் மட்டும் கொண்டுவந்தாள். சார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். "இது யாரோட அப்பா எங்க வேலை பாக்குறார்ங்கற போட்டி இல்ல" என்றார். அடுத்த வருடத்திலிருந்து எல்லோருக்கும் ஒரே சாமான். பத்து ஸ்ட்ரா, இரண்டு நியூஸ் பேப்பர், ஒரு கேரி பேக், நூல், ஒரு முழம் டேப். நேரம் இரண்டு மணி.

அந்த முதல் வருடமே ஒரு தகராறு. விழுந்த முட்டையை ஒருவன் முழுசு என்றான், இன்னொருவன் விரிசல் என்றான். சார் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் துடைக்க வாளியோடு நின்றிருந்தேன்.

"நீங்க இன்னாம்மா நெனைக்கிறீங்க?" என்று என்னைக் கேட்டார். வாளியோடு நிற்கிறவளை அதுவரை யாரும் எதுவும் கேட்டது கிடையாது.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முட்டையை வாங்கினேன். கண்ணை மூடினேன். அடிப்பக்கம் விரல் நின்றது. "இங்க இருக்கு சார்" என்றேன். சார் அந்த இடத்தில் நீல மை தடவி, ஈரத் துணியால் துடைத்தார். நூல் மாதிரி நீலக் கோடு நின்றது.

"இனிமே இந்த மேசை உங்களுது" என்றார்.

அதன் பிறகு வருடா வருடம் போட்டி நாள் என்றால் அது என் நாள். காலையிலேயே முட்டை அட்டைகள் வந்துவிடும். ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைப்பேன். இரண்டிரண்டு முட்டையாக ஒன்றோடொன்று லேசாகத் தட்டிப் பார்ப்பேன், நல்லது என்றால் 'டிக்' என்று தெளிவாகக் கேட்கும், விரிசல் விட்டது என்றால் சத்தம் செத்துக் கேட்கும். பிறகு விரல். தேறியதற்குப் பென்சிலால் நம்பர் போட்டு, பக்கத்தில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. அது என் அடையாளம். அந்த வட்டம் இல்லாத முட்டை செல்லாது. முதல் மாடி, இரண்டாம் மாடி, மொட்டை மாடி என்று மூன்று சுற்று. விழுந்த பெட்டியை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது. நானே பிரிப்பேன். கண்ணை மூடுவேன். மைதானம் முழுக்கச் சத்தம் அடங்கும். கம்பெனியில் சொன்ன மாதிரியே சொல்வேன், பாஸ், ரிஜெக்ட். பிள்ளைகளும் கூடவே கத்துவார்கள். ஹெட்மாஸ்டர் அம்மாகூட அந்த ஒரு நாள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நீலக் கோட்டு போட்டவளுக்கு இது கிடைக்குமா என்று நினைத்துக்கொள்வேன்.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன். கிரேஸின் பேத்தி ஜெனி அப்போது ஒன்பதாவது. பாட்டி வீட்டில் தங்கி எங்கள் பள்ளியில் படித்தாள். பெற்றோர் சார்பில் ஒருவரை மேடைக்குக் கூப்பிடுவது வழக்கம். அந்த வருடம் கிரேஸைக் கூப்பிட்டார்கள், ரிடையர் ஆன சூப்பர்வைசர் என்று. பட்டுப் புடவை கட்டி ஹெட்மாஸ்டர் அம்மா பக்கத்தில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கீழே இரும்பு நாற்காலி.

மைக்கைக் கொடுத்தார்கள். "எங்க காலத்துல மெஷின் கெடையாது. கண்ண மூடிக்கினு கட்டைவிரலால பாக்கணும்னு என் லைன் பொம்பளைங்களுக்கு நான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள்.

கை தட்டினார்கள். பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓஹோ, நம்ம ஆயா இவங்ககிட்டத்தான் கத்துக்கினாங்களா என்கிற பார்வை. என் கோட்டு போனது, போகட்டும். என் விரலும் அவளுக்கா?

மூன்றாம் சுற்றுக்கு இரண்டு பெட்டிதான் மிஞ்சியது. பத்தாவது பையன்கள் பெட்டி முதலில் விழுந்தது. பிரிக்கவே வேண்டாம், மஞ்சள் வெளியே வந்துவிட்டது. அடுத்தது ஜெனியுடையது. பேப்பரைச் சுருட்டிக் கூம்பு கூம்பாக அடியில் ஒட்டியிருந்தாள். முட்டையை நூலில் தூளி கட்டி ஸ்ட்ரா நடுவில் தொங்கவிட்டிருந்தாள். மேலே கேரி பேக் விரிந்து, ஆடி ஆடி வந்தது. தரையில் பட்டதும் கூம்புகள் நசுங்கின. தூளி ஒரு தரம் குலுங்கி நின்றது. நல்ல வேலை. எனக்கு அது விழும்போதே தெரிந்தது.

பிரித்தேன். பதினேழாம் நம்பர், என் வட்டம், என் புள்ளி. கண்ணை மூடி விரலை ஓட்டினேன். குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று. விரல் எங்கேயும் நிற்கவில்லை. மறுபடி ஓட்டினேன். முட்டை முழுசு.

கண்ணைத் திறந்தபோது மேடையில் கிரேஸ் நாற்காலி நுனிக்கு வந்து, கழுத்தை நீட்டி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருடத்தில் அவள் என்னிடம் ஒன்றை எதிர்பார்த்து நான் பார்த்தது அன்றுதான்.

"ரிஜெக்ட்" என்றேன்.

ஜெனி ஓடிவந்தாள். "எங்க ஆயா? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"உன் கண்ணுக்குத் தெரியாது. வெரலுக்குத்தான் தெரியும்."

சலீம் சார் வந்தார். "மை தடவிப் பாத்துடலாமாம்மா?"

"எதுக்கு சார்? நான் சொல்றேன்ல."

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "சரிம்மா" என்று போய்விட்டார். அந்த முதல் முட்டைக்குப் பிறகு நான் சொன்னதற்கு மேல் அவர் மை தடவியது கிடையாது, அன்றும் தடவவில்லை. இரண்டும் உடைந்தால் எடை குறைந்த பெட்டிக்குப் பரிசு என்பது விதி. பரிசும், வேலூரில் எல்லாப் பள்ளிகளும் சேர்கிற போட்டிக்குப் போகிற வாய்ப்பும் பத்தாவது பையன்களுக்குப் போயின. கிரேஸ்தான் கோப்பையைக் கொடுத்தாள். சிரித்துக்கொண்டே கொடுத்தாள், ஆனால் அந்தச் சிரிப்பைப் பிடித்துவைக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. வீடு வருகிற வரை இருந்தது.

ஒரு வழக்கம் உண்டு. முட்டையை அதை வைத்து விளையாடிய பிள்ளையே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வீணாக்கக் கூடாது என்று சார் வைத்தது. அதை நான் மறந்தே போனேன்.

மறுநாள் காலை லேப் திறந்து கூட்டிக்கொண்டிருக்கிறேன், கிரேஸ் வந்தாள். கையில் டிபன் டப்பா.

"இன்னாடி பச்ச, சாப்ட்டியா?"

"ஆச்சு. இன்னா காலைலயே?"

டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தாள். உள்ளே ஒரு வேகவைத்த முட்டை. ஓடு உரிக்கவில்லை. பென்சில் எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது, பதினேழு, வட்டம், புள்ளி.

"நேத்து புள்ள அழுதுகினே வந்துது. வாங்கித் தடவிப் பாத்தேன், எனக்கு ஒண்ணும் தட்டல. உன் வெரல் சொன்னா சரியாத்தான் இருக்கும், என் வெரல்தான் மரத்துப் போச்சுன்னு நெனச்சேன். காலைல கொழம்புக்குப் போடலாம்னு வேக வெச்சேன். விரிசல் இருந்தா தண்ணில வெள்ளை நூல் நூலா வரணும்ல? ஒரு சொட்டு வரல."

நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன்.

"நான் யார்கிட்டயும் பேசல. நீயே சார்கிட்ட போயி, வயசாயிடுச்சு சார், வெரல் தடுமாறிடுச்சுன்னு சொல்லிடு. புள்ளைக்கு வேலூர் போறது போவக் கூடாது, அவ்ளோதான் எனக்கு."

"என் வெரல் தடுமாறல."

"அப்போ?"

நான் குனிந்து கூட்ட ஆரம்பித்தேன். அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"நான் உனக்கு இன்னாடி பண்ணேன்?"

"மைக்குல இன்னா சொன்ன? யார் யாருக்குச் சொல்லிக் குடுத்தது?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். நான் அத்தனை வருடம் நெஞ்சில் வைத்திருந்ததை அவள் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"நீதான் எனக்குச் சொல்லிக் குடுத்த. அப்படியா சொல்லிட்டேன் மைக்குல? கைல மைக்கு வந்தா வாய் தானா போவுது, பச்ச. அதுக்கு என்னை நாலு வார்த்தை திட்டு. தெருவுல நிக்க வெச்சுத் திட்டு. புள்ள இன்னா பண்ணுச்சு?"

டப்பாவை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் காட்டிய வழி சுலபமான வழி. விரல் தடுமாறிவிட்டது என்றால் சார் ஒன்றும் சொல்ல மாட்டார். வயசான பொம்பளை என்று விட்டுவிடுவார். ஆனால் நான் யோசித்தேன். கோட்டு, பேனா, நாற்காலி, மைக்கு எல்லாம் அவளுக்கு. எனக்கு என்று இருந்தது இந்த ஒரு விரல். பொய் சொன்னது நான். அந்தப் பழியை விரல் மேல் போட்டால் எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

சார் வந்ததும் டப்பாவோடு போய் நின்றேன்.

"சார், நேத்து ஜெனி முட்டை முழுசு. வெரல் சரியாத்தான் சொல்லுச்சு. நான் பொய் சொன்னேன்."

"அப்படியா?" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். நான்தான் ஏற்கெனவே உண்மையைச் சொல்லிவிட்டேனே, பிறகு எதற்குத் துடைக்கிறார் என்று நினைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இது எத்தினியாவது தடவைம்மா?"

"மொத தடவை சார்."

"நான் எப்படி நம்பறது?"

குரலை உயர்த்தவில்லை. என்னை முறைக்கவில்லை. கேட்டார், அவ்வளவுதான். அத்தனை வருடம் பாஸ் சொன்னது, ரிஜெக்ட் சொன்னது எல்லாம் ஒரு கேள்வியில் சரிந்தது. பிள்ளைகள் பொரித்துத் தின்ற முட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்து காட்ட முடியுமா?

அடுத்த நாள் பிரேயரில் அவரே மைக் பிடித்தார். "முட்டை போட்டி முடிவுல ஒரு தப்பு நடந்துடுச்சு. ஜெனி முட்டை உடையல. பொறுப்பு என்னுது, மன்னிச்சிடுங்க" என்றார். பத்தாவது பையன்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்டார். என் பேரை எடுக்கவில்லை.

பிறகு நான் போய்க் கேட்டேன். "ஏன் சார் காரணத்தைச் சொல்லல?"

"பசங்களுக்கு முடிவு வேணும்மா, அதைச் சொல்லிட்டேன். காரணம் உங்களுது. சொல்றதா வேணாமான்னு நீங்கதான் பாக்கணும்."

நான் சொல்லவில்லை. விரல் மேல் பழி போடக் கூடாது என்று சாரிடம் போனவள், ஊர் அந்தப் பழியைப் போட்டபோது வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். எல்லோரும் தாங்களாகவே ஒரு காரணம் வைத்துக்கொண்டார்கள். ஆயாவுக்கு விரல் மரத்துப் போச்சு. ஒரு பிள்ளை வந்து, "கஷ்டமா ஆயா? எங்க பாட்டிக்கும் சுகர்ல விரல் மரத்துடுச்சு" என்று தைலம் கொடுத்தது. வாங்கிக்கொண்டேன். பரிதாபத்தை வாங்குவது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டம் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

அடுத்த வருடம் மேசைக்கு இரண்டு நாற்காலி. இனி இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று சார் விதி மாற்றினார். இரண்டாவது ஆள் யார் என்று சொல்ல வேண்டுமா? நான் வேலையை விடுகிற வரை, வருடா வருடம் கிரேஸ் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தடவிக் கொடுப்பேன், அவள் தடவிப் பார்த்துத் தலையாட்டுவாள். ஒரு முட்டைக்கு எனக்கு ஆகிற நேரத்தில் அவள் பாதிகூடத் தாண்ட மாட்டாள். பிள்ளைகள் என்னவோ, கிரேஸ் பாட்டி நிதானமாகப் பார்க்கிறார்கள் என்றார்கள்.

ஜெனி வேலூர் போனாள். அங்கே இரண்டாம் சுற்றில் அவள் முட்டை உடைந்துவிட்டதாம். கேட்டதும் எனக்கு உள்ளே கொஞ்சம் குளிர்ந்தது. அதையும் எழுது என்று தீபிகாவிடம் சொன்னேன். இப்போது அந்தப் பெண் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். தெருவில் பார்த்தால், "ஆயா, நல்லாருக்கீங்களா?" என்று வண்டியை நிறுத்திக் கேட்கிறாள். அவளுக்கு நடந்தது தெரியாது. கிரேஸ் சொல்லவில்லை. மகளிடம் சொல்லவில்லை, சர்ச்சில் சொல்லவில்லை, தண்ணீர் பிடிக்கிற இடத்தில்கூட வாய் விடவில்லை. மைக் கையில் வந்தால் வாய் தானாகப் போகிறவள், இதை மட்டும் அடக்கிக்கொண்டாள். என்னால் தாங்க முடியாதது அதுதான். பெருந்தன்மையும் கடைசியில் அவள் பக்கமே போய்ச் சேர்ந்தது.

சங்கீதாவுக்குச் சொல்கிறேன். லைட் பாக்ஸ் நல்ல சாமான்தான். அது விரிசலைக் காட்டும். காட்டினதை வாய் திறந்து சொல்கிறவள் நீ. அந்த இடத்துக்குப் பாக்ஸ் கிடையாது.

எழுதி முடித்துத் தாளை என் கையில் கொடுத்தாள் தீபிகா. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு, டப்பாவோடு போய்ச் சாரிடம் நான் ஒப்புக்கொண்ட இடத்தைத் தேடினேன். எனக்குப் படிக்க வருகிற இரண்டெழுத்துச் சொல் அங்கே ஒன்று இருக்க வேண்டும். காணவில்லை.

"இன்னா எழுதியிருக்க இங்க?"

"'தவறுதலாகக் கூறிவிட்டேன்'னு போட்டேன் ஆயா. மலர் எல்லார் வீட்டுக்கும் போகும். கிரேஸ் ஆயா வீட்டுக்கும் போகும்."

"அடிச்சுட்டு நான் சொன்னதை எழுது."

எழுதினாள். அந்தச் சொல்லின் மேல் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டேன். இப்போது இருக்கிறது.

"மொதல்லேர்ந்து ஒரு தரம் படி, தீபி. அந்த எடம் வரும்போது கொரல எறக்காத."